கோபமும் நெஞ்சுவலியும்: ஒரு பழைய நர்ஸிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையின் இதயப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போதும் கல்யாண வீட்டிலோ வடசேரி பஸ் நிலையத்திலோ யாராவது “சிஸ்டர், ஒரு சந்தேகம்” என்று நிறுத்துகிறார்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் கொழுப்பைப் பற்றியோ சர்க்கரையைப் பற்றியோ இருக்காது. “அவருக்கு மூக்குக்கு மேல் கோபம், அதனால்தானே அட்டாக் வந்தது?” என்பார்கள். இல்லாவிட்டால், “ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனிதர், அவருக்கு எப்படி வந்தது?” என்பார்கள். இரண்டுமே ஒரே கேள்விதான். அதைச் சுற்றி வந்த மற்றக் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

கோபக்காரர்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவது உண்மையா?

ஓரளவு உண்மை. ஆனால் ‘கோபக்காரர்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, சட்டென்று வெடிக்கிற கோபம். 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, கடுமையாகக் கோபப்பட்ட பிறகு வரும் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்புக்கான வாய்ப்பு மற்ற நேரத்தைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று கணக்கிட்டது. ஐந்து மடங்கு என்றதும் பதற வேண்டாம். சாதாரணமான ஒருவருக்கு எந்த இரண்டு மணி நேரத்தை எடுத்தாலும் அந்த வாய்ப்பு மிக மிகச் சிறியது. சிறியதன் ஐந்து மடங்கும் சிறியதுதான். அதே கணக்கின்படி, இதய நோய்க்கான ஆபத்து குறைவாக உள்ள 10,000 பேர் மாதம் ஒரு முறை அப்படிக் கோபப்பட்டால், ஆண்டில் ஒரே ஒருவருக்குக் கூடுதலாக மாரடைப்பு வரும். நாளைக்கு ஐந்து முறை கோபப்படுகிறவர்கள் என்றால் அது 150ஐத் தாண்டிவிடும். எத்தனை முறை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இரண்டாவது, ஆறாத கோபம். யாரைப் பார்த்தாலும் ‘இவன் நம்மை ஏமாற்றத்தான் வந்திருக்கிறான்’ என்று நினைக்கும் மனநிலை, பழைய பகையை விடாமல் கறுவிக்கொண்டிருப்பது. இதற்குச் சத்தமே இருக்காது. நெஞ்சுக்கு இது நல்லதல்ல என்று சொல்லும் ஆய்வுகள் நாற்பது ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கின்றன.

கோபம் வந்தால் நெஞ்சுக்குள் என்னதான் நடக்கிறது?

சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி போல உட்கார்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரீனலினை ரத்தத்தில் கொட்டுகின்றன. இதயம் வேகமாகவும் பலமாகவும் அடிக்கிறது. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது. காயம் பட்டால் ரத்தம் கொட்டிப்போகாமல் இருக்க உறைவதற்கான ஏற்பாடும் தயாராகிறது. புலி துரத்தினால் இதெல்லாம் உதவும். தண்ணீர் வரி ரசீதைப் பார்த்து எரிச்சல் பட்டாலும் உடம்பு இதையேதான் செய்கிறது என்பதுதான் கோளாறு.

பேச்சிப்பாறை அணையின் ஷட்டரை ஒரேயடியாகத் தூக்கினால் சானலில் என்ன ஆகும் என்று நம் ஊர் விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரை திடமாக இருந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு போய்விடும். நண்டு துளைத்த கரையாக இருந்தால் உடையும். ரத்தக் குழாயின் உள்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, அதன் மேல் மெல்லிய தோல் மூடியிருக்கும். திடீர் அழுத்தத்தில் அந்தத் தோல் கிழிகிறது. கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது. ரப்பர் பாலில் ஆசிட் கலந்த பிறகு தட்டில் அது கட்டியாவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படி. கட்டி குழாயை அடைத்தால் அதற்கு அப்பால் உள்ள இதயத் தசைக்கு ரத்தம் போகாது. அதுதான் மாரடைப்பு.

ஆக, கோபம் ஷட்டரைத் தூக்கும் கை மட்டுமே. கரையைத் துளைத்த நண்டுகள் வேறு: புகை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு.

2024இல் அமெரிக்காவில் ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. ஆரோக்கியமான 280 பேரைப் பிரித்து, ஒரு பிரிவினரை முன்பு தங்களுக்குக் கோபம் வந்த ஒரு சம்பவத்தை எட்டு நிமிடம் நினைத்துப் பேசச் சொன்னார்கள். அவர்களுடைய ரத்தக் குழாய்கள் விரிந்துகொடுக்கும் திறன் குறைந்து, நாற்பது நிமிடம் வரை அப்படியே இருந்தது. கவலையையோ சோகத்தையோ நினைத்தவர்களுக்கு அந்த அளவு மாற்றம் இல்லை. எட்டு நிமிடம், அதுவும் பழைய கோபம். நம் ஊரில் ஒரு வேலித் தகராற்றை எத்தனை ஆண்டு நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

‘டைப் ஏ’ ஆள் என்கிறார்களே, அது என்ன?

இது ஒரு நல்ல கதை. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1950களில் சான் பிரான்சிஸ்கோவில் மேயர் ஃபிரீட்மேன், ரே ரோசன்மேன் என்ற இரண்டு இதய மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கிளினிக்கில் நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்தவர், இருக்கைகளின் முன்விளிம்பு மட்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்து வியந்தாராம். இதய நோயாளிகள் யாரும் சாய்ந்து உட்காரவில்லை. எப்போது கூப்பிடுவார்கள் என்று நுனியிலேயே இருந்திருக்கிறார்கள். எப்போதும் அவசரம், எதிலும் போட்டி, எளிதில் பகை: இந்த வார்ப்புக்கு அவர்கள் ‘டைப் ஏ’ என்று பெயர் வைத்தார்கள். அப்படி இல்லாதவர்கள் ‘டைப் பி’.

1960இல் கலிபோர்னியாவில் 39 முதல் 59 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை எடுத்து, எட்டரை ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஏ வகையினருக்கு இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. உலகம் முழுக்க அந்தப் பெயர் பரவியது. பெண்கள் அந்த ஆய்விலேயே இல்லை என்பதை அன்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு கதை திரும்பியது. அதே ஆண்களில் இதய நோய் வந்தவர்களை இன்னும் பல ஆண்டுகள் கவனித்து 1988இல் ஒரு கணக்கு வந்தது. அதன்படி, நோய் வந்த பிறகு ஏ வகையினர் பி வகையினரைவிடக் குறைவாகவே இறந்திருந்தார்கள். மற்ற ஆய்வாளர்கள் ஏ வகையைப் பிரித்துப் போட்டுப் பார்த்தார்கள். அவசரமும் கடும் உழைப்பும் அவ்வளவு கெடுதல் செய்யவில்லை. பகையுணர்வு என்ற ஒரு பாகம்தான் நஞ்சு என்ற முடிவுக்குப் பலரும் வந்தார்கள். இதற்கிடையே இன்னொன்றும் வெளிவந்தது: இந்த ஆய்வுகளுக்குச் சிகரெட் கம்பெனிகள் பல ஆண்டுகள் பணம் கொடுத்திருக்கின்றன. குற்றம் சிகரெட்டின் மேல் விழாமல் சுபாவத்தின் மேல் விழுந்தால் அவர்களுக்கு லாபம்தானே. “புகையால் இல்லை சிஸ்டர், டென்ஷனால் வந்தது” என்று பீடிக்கட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொன்னவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வரும்.

எனவே, வடசேரியில் பஸ்ஸுக்கு முண்டியடிப்பவரும் காலை ஆறு மணிக்கே கடை திறந்து ஓடியாடுகிறவரும் தங்களுக்கு அட்டாக் நிச்சயம் என்று பயப்பட வேண்டாம். பஸ்ஸில் ஏறிய பிறகும் கண்டக்டரை மார்த்தாண்டம் வரை மனதுக்குள் திட்டிக்கொண்டே போகிறவர்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கத்தித் தீர்த்துவிடுவது நல்லதா, அடக்கிக்கொள்வது நல்லதா?

“நான் மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டேன், கத்திவிட்டால் போய்விடும்” என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுக்குப் போய்விடுகிறது; கேட்டவர்களுக்குப் போவதில்லை. கோபத்தோடு குத்துப் பையைக் குத்தினால் ஆறுமா என்று அமெரிக்காவில் சோதித்துப் பார்த்தார்கள். 2002இல் வெளிவந்த முடிவு: குத்தியவர்களின் கோபம் கூடியது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்குக் குறைவாக இருந்தது.

அடக்குவதிலும் இரண்டு வகை. அப்போதைக்கு வாயை மூடிக்கொண்டு, ஆறிய பிறகு “நேற்று நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை” என்று சொல்வது ஒன்று. சொல்லவே சொல்லாமல் உள்ளுக்குள் புழுங்கிக்கொண்டு கிடப்பது இன்னொன்று.

இரண்டாவது வகைக்கு என் மனதில் ஒரு முகம் இருக்கிறது. குலசேகரம் பக்கத்து ஆள், ஐம்பதைத் தொட்டவர், ரப்பர் பால் வெட்டும் தொழில். ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்குக் கொண்டு வந்தார்கள். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்ததால் கத்தரித்துத்தான் கழற்றினேன். பையில் நான்காக மடித்த ஒரு தாள். நனைந்து, மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது. நிலத்தின் புலப்படம். எல்லைக் கோட்டின் மேல் சிவப்புப் பேனாவால் அழுத்தி அழுத்தி வரைந்ததில் ஓரிடத்தில் தாள் ஓட்டையாகியிருந்தது. ஈ.சி.ஜி. ஒயர்களை ஒட்டிக்கொண்டிருக்கும்போது அவர் வலியைப் பற்றிப் பேசவில்லை. “சிஸ்டர், அந்தப் பேப்பர் பத்திரம்” என்றார். அழுத்தம் 170க்கு 110.

அண்ணன் தம்பிக்கிடையே ஒன்றரை அடி மண். நடுவில் ஒரு கையாலை, அதாவது மண் எல்லைச் சுவர்; கையாலையில் ஓர் அயனி மரம். பதினொரு ஆண்டு வழக்கு. அன்று காலை தம்பி ஆள் வைத்து மரத்தில் கயிறு கட்டியிருக்கிறார். இவர் ஓடிப் போய்க் கத்தியிருக்கிறார். ஊரில் எல்லோரும் அந்தக் கத்தலைத்தான் காரணம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதினொரு ஆண்டும் அதிகாலை நான்கு மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கையாலையைத் தாண்டித்தான் பால் வெட்டப் போயிருக்கிறார். வெளிச்சம் முதலில் விழுவது அந்த மரத்தின் மேல். அவருடைய நாள் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது.

கேஸ் ஷீட்டில் எழுதும்போது மற்றதும் வந்தது. பி.பி. மாத்திரையை எட்டு மாதத்துக்கு முன் நிறுத்தியிருந்தார். காரணம் கேட்டேன். “வக்கீலுக்குப் போகும் நாளெல்லாம் மாத்திரை வாங்கப் போக முடியவில்லை” என்றார். பீடி நாளைக்கு ஒரு கட்டு. கோபம் நேராக நெஞ்சுக்குப் போவதைவிட இந்தக் கொல்லைப்புற வழியாகத்தான் அதிகம் போகிறது. கோபம் உறக்கத்தைக் கெடுக்கும், பீடியைக் கூட்டும், மாத்திரையை மறக்க வைக்கும், சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் தள்ளும்.

எங்கள் அத்தான் பரம சாது. அவருக்கு 46 வயதில் அட்டாக். எப்படி?

சாதுவாக இருப்பதற்கும் குழாயில் கொழுப்பு படிவதற்கும் சம்பந்தம் இல்லை. கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் என்ற மருத்துவர் தலைமையில் 52 நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு 2004இல் வெளிவந்தது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பு இல்லாமை, மது ஆகிய ஒன்பது சங்கதிகளைக் கொண்டே முதல் மாரடைப்புகளில் பத்தில் ஒன்பதை விளக்கிவிடலாம் என்று அது காட்டியது. மனம் அதில் ஒன்று, ஒன்பதில் ஒன்று. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53, மற்றவர்களுக்கு ஏறத்தாழ 59 என்பதும் அதே ஆய்விலிருந்து வந்ததுதான். நாம் ஆறு ஆண்டு முந்துகிறோம்.

சாதுக்களிடம் ஒரு தனி ஆபத்து உண்டு. கோபக்காரர் முகம் சிவந்து நின்றால் வீட்டில் யாராவது “போய் பி.பி. பாருங்கள்” என்பார்கள். சாதுவிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ரத்த அழுத்தத்துக்கு முகத்தில் அடையாளம் கிடையாது. உங்கள் அத்தான் அதற்கு முன் எப்போது அளந்து பார்த்தார் என்று கேளுங்கள். பத்தில் ஏழு பேர் “ராணுவத்தில் ஆள் எடுக்கும்போது” என்பது போல ஏதாவது சொல்வார்கள். இந்தப் பத்தில் ஏழு ஆய்வுக் கணக்கல்ல, என் எரிச்சல்.

‘டைப் டி’ என்றும் ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. எப்போதும் சோர்வான எண்ணம், அதை யாரிடமும் சொல்லாத கூச்சம்: இந்த இரண்டும் சேர்ந்தவர்களுக்கு யோகான் டெனோலெட் என்ற பெல்ஜிய உளவியலாளர் 1990களில் வைத்த பெயர். இதய நோயாளிகளில் இவர்கள் அதிகம் இறப்பதாக முதலில் காட்டினார். பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு பலமாகத் தெரியவில்லை. எழுத்துகளை விட்டுவிடுங்கள். வீட்டில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரைப் போய்ப் பேச்சுக் கொடுப்பதற்கு அவர் எந்த எழுத்து என்று தெரிய வேண்டியதில்லை.

மனம் உடைந்தால் உண்மையிலேயே இதயம் உடையுமா?

உடையாது, ஆனால் வீங்கிக்கொள்ளும். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு ‘டக்கோட்சுபோ’ என்று பெயர் வைத்தார்கள். பேய்க்கணவாய் பிடிக்க அவர்கள் கடலில் இறக்கும் பானையின் பெயர் அது. கழுத்து குறுகி, அடி உருண்டிருக்கும். அதிர்ச்சியில் இதயத்தின் இடது கீழறை சில நாளைக்கு அதே உருவம் எடுத்துக்கொள்கிறது. நெஞ்சுவலி, ஈ.சி.ஜி. எல்லாமே மாரடைப்பு போலவே இருக்கும். ஆஞ்சியோ செய்தால் குழாயில் அடைப்பு இருக்காது. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் பெரும்பாலும் வருகிறது. பலருக்குச் சில வாரங்களில் இதயம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் தொடக்க நாட்களில் உயிராபத்து உண்டு.

ஒக்கி புயல் வீசியது 2017 நவம்பர் கடைசியில். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து அறுபது வயது அம்மா ஒருவரைக் கொண்டு வந்தார்கள். மகனுடைய வள்ளம் வரவில்லை. ஸ்கேன் திரையில் அந்தப் பானை தெளிவாகத் தெரிந்தது. அதுவரை புத்தகப் படமாக மட்டுமே பார்த்திருந்தேன். டாக்டர், பக்கத்தில் நின்ற மருமகளுக்குப் புரியட்டும் என்று பானையின் கதையைச் சொன்னார். அந்த அம்மா கண்ணைத் திறக்காமலே, “இங்கேயும் பானை வைத்துப் பிடிப்பார்கள்” என்றார்.

எங்கள் மைனிக்குக் கோபம் வந்தால் நெஞ்சை அடைக்கிறது என்கிறார். வாயுப் பிடிப்பு என்று சுக்குக் கஷாயம் கொடுக்கிறோம். சரிதானே?

சரியில்லை. வாயுவாகவும் இருக்கலாம், பதற்றமாகவும் இருக்கலாம். ஆனால் கோபத்திலோ மாடிப்படி ஏறும்போதோ அடைத்து, உட்கார்ந்ததும் விடுகிற நெஞ்சை அப்படி முடிவு கட்டக் கூடாது. அது இதயத்துக்கு ரத்தம் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். பெண்களுக்கு வலி பல நேரம் நெஞ்சில் நிற்காது: தாடை, முதுகு, மேல் வயிறு, மூச்சு வாங்கல், காரணமில்லாத அசதி, குமட்டல். எங்கள் வார்டுக்குப் பெண்கள் எப்போதும் தாமதமாகத்தான் வந்தார்கள். வீட்டு ஆண்களுக்கு நெஞ்சு வலித்தால் உடனே கார். பெண்களுக்கு வலித்தால் முதலில் சுக்கு, பிறகு ஓமம், பிறகு “எல்லாம் கோபத்தால் வருவது” என்ற புத்திமதி. ஆணின் கோபத்துக்கு டென்ஷன் என்று பெயர், பெண்ணுடையதற்கு வாய். இதைச் சொன்னதற்கு என் அண்ணனே என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். ஓய்வில் எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் சந்தேகம் முழுதாகத் தீராது. டிரெட்மில்லோ எக்கோவோ தேவையா என்று டாக்டர் சொல்லட்டும்.

பி.பி. மாத்திரை போட்டால் கோபம் குறையுமா?

குறையாது. பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் படபடப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும். அதனால் சிலருக்குக் கொஞ்சம் நிதானம் வந்தது போலத் தோன்றும். அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

அப்பா முன்பு அப்படி இல்லை. ஒரு வருடமாகத் தொட்டதற்கெல்லாம் கோபம். ஏன்?

புதிதாக வந்த கோபத்தைச் சுபாவம் என்று எழுதிவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாடு தள்ளிப்போகும் நேரத்தில் எரிந்து விழுந்தால், முதலில் குளுக்கோமீட்டரை எடுங்கள். சர்க்கரை இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் கோபமும் சேர்ந்து வரும். தைராய்டு கூடினாலும் இப்படித்தான். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவருக்குப் பகலெல்லாம் சிடுசிடுப்பு இருக்கும். அது இதயத்தையும் கெடுக்கும் நோய். மனச்சோர்வு ஆண்களிடம் பல நேரம் அழுகையாக வராமல் எரிச்சலாகத்தான் வருகிறது. வயதானவரிடம் மறதியும் கூடவே இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நெஞ்சுவலிக்கு ஆசானிடம் வர்மம் தட்டலாமா?

இந்த மாவட்டத்தில் பிறந்தவள், ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு. என் பாட்டாவின் தோள் விலகியபோது சரி செய்தது ஓர் ஆசான்தான். ஆனால் குழாய் அடைத்துக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு நிமிடமும் கொஞ்சம் கொஞ்சமாக இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. தடவலுக்கும் தட்டலுக்கும் அந்தக் கட்டி கரையாது. நல்ல ஆசான் இதை அறிவார். “இது என்னிடம் வேண்டாம், ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்று ஒருவர் தன் ஆட்டோவிலேயே அனுப்பி வைத்த ஆள் பிழைத்து வீட்டுக்குப் போனதும் எனக்குத் தெரியும்.

அட்டாக் வந்தவரைக் கோபப்படுத்தக் கூடாது என்று வீட்டில் எல்லோரும் பயந்து நடக்கிறோம். எவ்வளவு நாள் இப்படி?

இந்தக் கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்பார்கள், பெரும்பாலும் மனைவிகள். மகள் காதலிப்பதைச் சொல்லக் கூடாது, கடன் வந்ததைச் சொல்லக் கூடாது, குழம்பில் உப்பு குறைவு என்று தட்டைத் தள்ளினால் பதில் பேசக் கூடாது. “என்னைப் பேச வைக்காதே, எனக்கு நெஞ்சு சரியில்லை” என்ற ஒரு வாக்கியத்தை வைத்து வீட்டையே ஆள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

முதல் சில வாரங்கள் அமைதி தேவைதான். அதற்குப் பிறகு, மாத்திரை ஒழுங்காகப் போய்க்கொண்டு, நடக்கிறார், மாடி ஏறுகிறார் என்றால், சாதாரண வீட்டுப் பேச்சு அவரைக் கொன்றுவிடாது. மறைத்து வைத்த செய்தி பக்கத்து வீட்டுக்காரர் வாயிலிருந்து வரும்போதுதான் பெரிய அதிர்ச்சி. சாப்பிட்டு ஓய்ந்த ஒரு நேரத்தில், உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மறுபரிசோதனைக்கு டாக்டரிடம் போகும்போது கூடப் போய், “இவரிடம் என்னென்ன பேசலாம்?” என்று அவர் காதுபடவே கேளுங்கள். அது நல்ல வைத்தியம்.

ஆனால் கோபத்துக்குப் பின்னால் பயம் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். கடலுக்குப் போனவர், மரம் ஏறியவர், வண்டி ஓட்டியவர் திடீரென்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். மாரடைப்புக்குப் பிறகு வரும் மனச்சோர்வு அந்த நோயாளியின் ஆயுளையே பாதிக்கும் ஆபத்துக் காரணி என்று அமெரிக்க இதய சங்கம் 2014இல் சொன்னது. உறக்கம் இல்லை, உணவில் பிடிப்பில்லை, “நான் இருந்து என்ன?” என்ற பேச்சு வருகிறது என்றால் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஐம்பது வயதில் சுபாவத்தை மாற்ற முடியுமா?

சுபாவத்தை மாற்றுவது கடினம். பழக்கத்தை மாற்றலாம். நாற்காலிக் கதையில் வந்த ஃபிரீட்மேனே இதைச் செய்து காட்டினார். அவரும் ஓர் ஏ வகைதான். ஐம்பத்தைந்து வயதில் அவருக்கே மாரடைப்பு வந்தது. மாரடைப்பு வந்த எண்ணூற்றுக்கும் மேற்பட்டவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை, மறு பிரிவினருக்கு அதோடு கோபத்தையும் அவசரத்தையும் குறைக்கும் பயிற்சி என்று நான்கரை ஆண்டுகள் நடத்தினார். பயிற்சி பெற்றவர்களுக்கு மறு அட்டாக் நன்றாகவே குறைந்தது. 2001இல் இறக்கும்போது அவருக்கு 90 வயது.

அந்தப் பயிற்சிகளில் எனக்குப் பிடித்தது: வேண்டுமென்றே நீளமான வரிசையில் போய் நிற்பது. ரேஷன் கடையில் செய்து பார்த்தேன். முதல் தடவை எனக்கு முன்னால் நின்றவர் பைக்குள் கார்டைத் தேடிய மூன்று நிமிடத்தில் என் நாடித்துடிப்பு 96. நான்காவது மாதம், அவருடைய பேத்தி எந்த வகுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்றபடி பெரிய ரகசியம் எதுவும் இல்லை. கோபம் வரும்போது வெளிமூச்சை நீட்டி விடுவது, எழுந்து போய் முகம் கழுவுவது, தினமும் அரை மணி நேரம் நடப்பது. இரவு பத்து மணிக்கு மேல் பங்காளிகளோடு போனில் கணக்குப் பேசாமல் இருப்பது.

சண்டைக்கு நடுவே நெஞ்சு வலித்தால் என்ன செய்வது?

சண்டையை அப்படியே விட்டுவிட்டு உட்காருங்கள். 108க்குப் போன் செய்யுங்கள். தானே பைக் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது. வழியில் மயங்கி விழுந்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர், ரத்தக் கசிவு உள்ளவர் இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கலாம். தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இதற்கென்றே 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. மலையோர ஊர்க்காரர்கள் அருகிலுள்ள நிலையத்தில் அதை வாங்கி விழுங்கிவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். அதைச் சாப்பிட்டதும் வலி குறைந்தது என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள்.

சண்டை போட்ட ஆளிடம் கார் இருந்தால், வெட்கப்படாமல் அவரையே கூப்பிடுங்கள். நடந்திருக்கிறது.

அந்த அயனி மரம் என்ன ஆயிற்று?

இதையும் கேட்கிறார்கள். அன்று கார் ஓட்டிக்கொண்டு வந்தது தம்பிதான். ஊசி போட்டுக் கட்டி கரைந்தது, ஆறாம் நாள் அண்ணன் வீட்டுக்குப் போனார். புலப்படத்தைக் காயவைத்து, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு நான்தான் கொடுத்தேன். மரம் இன்னும் நிற்கிறது, வழக்கும் நிற்கிறது. பீடியை விட்டுவிட்டார். மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை நாகர்கோவில் வரும்போது வாய்தா இருந்தால் அண்ணனும் தம்பியும் ஒரே பஸ்ஸில்தான் வருகிறார்களாம். பேச்சு மட்டும் இன்னும் கிடையாது.